பெட்டியைக் கடையில் பிரிக்க விடாதீர்கள்: புதிய விண்டோஸ் 11 லெப்டொப்புக்கு முதல் நாளில் செய்ய வேண்டியவை

சென்ற மாதம் தங்கையின் மகனுக்கு, பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோவதற்கென, பம்பலப்பிட்டியில் ஒரு லெப்டொப் வாங்கினோம். பணம் கட்டி முடிந்ததும் கவுண்டரில் நின்ற இளைஞர், "ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ ஐயா, எல்லாம் போட்டுத் தாறம்" என்றபடி பெட்டியை உள்ளே எடுத்துச்செல்ல முற்பட்டார். நான் வேண்டாம் என்று தடுத்தபோது மருமகன் என் காதருகே குனிந்து, "மாமா, சும்மாதானே போட்டுத் தாறாங்கள், விடுங்கோவன்" என்றான். அந்தச் சும்மாவுக்குள் என்னென்ன அடங்கியிருக்கக்கூடும் என்பதையும், வீட்டுக்கு வந்து அவனும் நானுமாக அந்த லெப்டொப்பில் எவற்றை நீக்கினோம், எவற்றை அணைத்தோம், எவற்றைத் தொடாமல் விட்டோம் என்பதையும், முதன்முதலாகக் கணினி வாங்குபவர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 உள்ள கணினியையே மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மெனுக்களின் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் காண்பீர்கள். அவற்றை நாம் வாயால் சொல்லும் விதமாகவே இங்கு எழுதியுள்ளேன். ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் இவற்றில் சில இடம் மாறும். சொன்ன இடத்தில் ஒன்று இல்லாவிட்டால், செட்டிங்ஸ் பக்கத்தின் மேல் மூலையில் உள்ள தேடல் பெட்டியில் அதன் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

கடையில்

வாங்கும் இடத்திலேயே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியது அவசியம்தான். திரையில் கீறல் உண்டா, விசைகள் எல்லாம் இருக்கின்றனவா, பெட்டியில் உள்ள தொடர் இலக்கமும் லெப்டொப்பின் அடிப்பக்கத்தில் உள்ள இலக்கமும் உத்தரவாத அட்டையில் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு மின்னூட்டியைச் செருகி ஒரு தடவை இயக்குங்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்கும் திரை வந்தால், அந்த விண்டோஸ் இன்னும் ஒருவராலும் அமைக்கப்படவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்தி, மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அந்தத் திரை வராமல் நேரே டெஸ்க்டொப் வந்து நின்றால், உங்களுக்கு முன்னரே யாரோ அதற்குள் போய் வந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விலை குறைவாக இருக்கிறதே என்று விண்டோஸ் இல்லாத லெப்டொப்பை வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் டொஸ் அல்லது லினக்ஸ் என்று குறிப்பிட்டிருந்தால், அந்த விலைக்குள் விண்டோஸ் உரிமம் அடங்கவில்லை. அப்படிப்பட்ட கணினியில் "விண்டோஸும் போட்டுத் தாறம்" என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் அக்டிவேட்டர் என்ற சிறு மென்பொருளால் ஏமாற்றி இயக்கப்படும் பிரதியாகவே இருக்கும். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை, தமது லெப்டொப் மெதுவாக இருக்கிறது என்று ஒருநாள் கொண்டுவந்து தந்தார். விண்டோஸ் செக்கியூரிட்டி என்பதைத் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் என்பதற்குள் மனேஜ் செட்டிங்ஸ் என்பதை அழுத்தி, அடிவரை இறங்கி, எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பார்த்தேன். சோதிக்காமல் விட வேண்டியவை என்று அங்கே ஒரேயொரு வரி இருந்தது: சி டிரைவ், முழுவதுமாக. அதாவது, வைரஸ் காவலாளி வாசலில் நிற்கிறார், ஆனால் வீட்டுக்குள் எதையும் பார்க்கக்கூடாது என்று அவருக்குக் கட்டளை. அக்டிவேட்டரைக் கண்டதும் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டர் அதைப் பிடித்து அழித்துவிடும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆசிரியை மூன்று வருடமாக வங்கிக் கணக்கையும் அந்தக் கணினியிலேயே பார்த்து வந்திருக்கிறார்.

ஏற்கெனவே கடையில் அமைத்துக் கொடுத்த கணினிதான் உங்களிடம் இருக்கிறது என்றால், இந்தப் பட்டியலை முதலில் பாருங்கள். அது வெறுமையாக இருக்க வேண்டும். அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போய், டிஜிட்டல் லைசன்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாக உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்து, உங்களுக்கு அப்படி ஒரு நிறுவனமே இல்லையென்றால், உரிமம் போலியானது. அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் நீங்கள் உருவாக்காத பயனர் யாரும் இருக்கிறாரா, செயலிகளின் பட்டியலில் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், ஒவ்வொன்றாகத் துப்புரவாக்க முயல்வதைவிட விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டோல் செய்வதே என் தெரிவு. விண்டோஸுடன் விற்கப்பட்ட லெப்டொப்பில் உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், மைக்ரோசொஃப்ட் இணையதளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் எழுதி இன்ஸ்டோல் செய்தால், அது தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். உரிமம் வாங்க வசதியில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. திருட்டு விண்டோஸை விட அது எவ்வளவோ மேல்.

முதல் திரைகள்

வீட்டுக்கு வந்து இயக்கியதும் நாடு, விசைப்பலகை, வைஃபை என்று கேள்விகள் வரிசையாக வரும். இவை முடிந்து அக்கவுண்ட் கேட்கும் இடத்தில்தான் முதல் முடிவை எடுக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல், கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுண்டுடன் தொடங்குவதற்கு முன்பு சில குறுக்குவழிகள் இருந்தன. அவற்றை மைக்ரோசொஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்து வருவதால், யூடியூபில் பார்த்த வழி உங்கள் லெப்டொப்பில் வேலை செய்யாமல் போகலாம். புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு: இதற்கென்றே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரி உருவாக்கி மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டுடன் உள்ளே போங்கள்; கீழே சொல்லப்போகும் ரிகவரி கீ வேலையை முடியுங்கள்; அதன் பிறகு லோக்கல் அக்கவுண்டுக்கு மாறுங்கள். சுற்றுவழி போலத் தெரிந்தாலும், ஏன் இந்த ஒழுங்கு என்பது விளங்கும்போது சரியென்று படும். ஒரு சின்ன விஷயம்: உங்கள் பயனர் கோப்புறைக்கு அந்த மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளையே விண்டோஸ் பெயராக வைத்துவிடும். பின்னர் அதை மாற்றுவது தலைவேதனை என்பதால், முதல் ஐந்து எழுத்து பார்க்கச் சகிக்கும்படி முகவரியைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்து தனியுரிமைத் திரை வரும். இருப்பிடம், ஃபைன்ட் மை டிவைஸ், டயக்னொஸ்டிக் டேட்டா, எழுத்தும் தட்டச்சும், டெய்லர்ட் எக்ஸ்பீரியன்சஸ், விளம்பர அடையாள எண் என்று அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை இருக்கும். பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு அக்செப்ட் என்பதை அழுத்துகிறார்கள். கீழே உருட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கணினி பற்றி மைக்ரோசொஃப்ட்டுக்குப் போகும் தகவலான டயக்னொஸ்டிக் டேட்டாவில் மட்டும், கட்டாயமானதை மட்டும் அனுப்பு என்ற அளவுக்கே குறைக்க முடியும். ஹோம், ப்ரோ பதிப்புகளில் அதை முற்றாக நிறுத்த வழியில்லை. ஃபைன்ட் மை டிவைஸ் பற்றி மருமகனுக்கும் எனக்கும் சிறு விவாதம் நடந்தது. 138 பஸ்ஸில் நெரிசலில் போகிறவனுக்கு அது வேண்டாமா என்று கேட்டான். அது இயங்க மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டும் இருப்பிடச் சேவையும் எப்போதும் திறந்திருக்க வேண்டும், களவாடியவர் இணையத்தில் இணைக்காதவரை ஒன்றும் தெரியவும் வராது. லெப்டொப் போனால் போகட்டும், உள்ளே இருப்பது அவர் கைக்குப் போகக்கூடாது என்பதுதான் முக்கியம். அந்த வேலையை, வட்டில் உள்ளதைச் சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றும் வட்டுக் குறியாக்கம் செய்கிறது.

தொடர்ந்து மைக்ரோசொஃப்ட் 365 சோதனைக்காலம், கேம் பாஸ் என்று விற்பனைத் திரைகள் வரும். டிக்லைன், ஸ்கிப், நோ தேங்ஸ் என்று சிறிய எழுத்தில் இருக்கும் சொல்லைத் தேடி அழுத்துங்கள். லெப்டொப்பைத் தயாரித்த நிறுவனம் பெயரும் மின்னஞ்சலும் கேட்டு ஒரு பதிவுத் திரையைக் காட்டினால், டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுமையாகவே தாண்டிப் போங்கள். கொடுத்த சம்மதத்தை மீளப் பெறும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கொடுக்காமலே விடுவது எவ்வளவோ சுலபம்.

எதையும் நீக்குவதற்கு முன்

டெஸ்க்டொப் வந்தவுடன் கை துறுதுறுக்கும். ஆனால் முதலில் செய்ய வேண்டியது ரிகவரி கீயை எடுத்து வைப்பது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக அமைக்கப்படும் பெரும்பாலான கணினிகளில், மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டுடன் உள்ளே போனதுமே வட்டு தானாகக் குறியாக்கப்பட்டு, அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்த அக்கவுண்டில் சேமிக்கப்படுகிறது. இது நல்ல விஷயம். யாராவது வட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினாலும் ஒன்றையும் வாசிக்க முடியாது. ஆனால் சில வேளைகளில், உதாரணமாக பயோஸ் என்ற, தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்த பிறகோ தாய்ப்பலகை மாற்றிய பிறகோ, விண்டோஸ் நீல நிறத் திரையைக் காட்டி அந்த 48 இலக்கங்களையும் கேட்கும். அப்போது சாவி இல்லையென்றால், படங்களும் பாடக் குறிப்புகளும் உள்ளே இருந்தபடியே நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

செட்டிங்ஸ், ப்ரைவசி அன்ட் செக்கியூரிட்டி, டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று போய், அது இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டின் இணையப் பக்கத்தில் உங்கள் சாதனத்தைத் தெரிவு செய்தால், ரிகவரி கீ ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கூட்டமாகத் தெரியும். அதை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். மருமகன் வாசிக்க நான் எழுதி, பிறகு நான் வாசிக்க அவன் சரிபார்த்தோம். ஐந்தாவது கூட்டத்தில் 8ஐ 3 என்று எழுதியிருந்தேன். தாள் இப்போது தங்கையின் வீட்டில் காணி உறுதி இருக்கும் கோப்புக்குள் இருக்கிறது. லெப்டொப் பைக்குள் வைத்துவிடாதீர்கள், அதே லெப்டொப்பில் சேமித்து வைப்பதிலும் பயனில்லை.

இரண்டாவதாக, ஸ்டார்ட் மெனுவில் ரிகவரி டிரைவ் என்று தேடி, 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மீட்பு வட்டு உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

இவை முடிந்த பின்னர், செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போனால், லோக்கல் அக்கவுண்டுக்கு மாறும் தெரிவு கிடைக்கும். மாறிய பிறகும் குறியாக்கம் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லை மறந்தால் கேட்பதற்கென்று மூன்று கேள்விகளைத் தெரிவு செய்யச் சொல்லக்கூடும்: பிறந்த ஊர், முதல் படித்த பாடசாலை, மூத்த மச்சானின் பெயர் என்ற மாதிரி. நம் ஆட்களுக்குள் இந்தக் கேள்விகள் பூட்டே அல்ல, கலியாண வீட்டில் பத்து நிமிடம் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும். உண்மையான பதிலைக் கொடுக்காமல், சம்பந்தமில்லாத மூன்று சொற்களைக் கொடுத்து, அவற்றையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

நீக்கும் வேலை

இனி செட்டிங்ஸ், அப்ஸ், இன்ஸ்டோல்ட் அப்ஸ். முதலில் போக வேண்டியது, தயாரிப்பாளர் இலவசமாக ஏற்றிவிட்ட சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருள். முப்பது நாள் கழிந்ததும் பணம் கட்டு என்று பயமுறுத்துவதைத் தவிர, விண்டோஸின் சொந்த டிஃபென்டரை அது ஒதுக்கியும் வைத்திருக்கும். அதை அன்இன்ஸ்டோல் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டிஃபென்டர் தானாகவே பொறுப்பேற்கும். விண்டோஸ் செக்கியூரிட்டியில் பச்சை அடையாளம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து விளையாட்டுகள், லிங்க்டின், கிளிப்சாம்ப், எக்ஸ்பொக்ஸ், கோபைலட் என்று உங்களுக்கு வேண்டாதவற்றையெல்லாம் மூன்று புள்ளியை அழுத்தி நீக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சில படங்கள் இன்னும் இன்ஸ்டோலே ஆகாத வெறும் அழைப்பிதழ்கள். அவற்றைத் தொட்டால்தான் இறங்கத் தொடங்கும், ஆகவே திறந்து பார்க்காமலே வலது கிளிக் செய்து அன்பின் செய்துவிடுங்கள். புதிய அவுட்லுக் செயலியில் ஜிமெயில் போன்ற வேறு நிறுவன அக்கவுண்டைச் சேர்க்க முற்பட்டால், உங்கள் மின்னஞ்சல்கள் மைக்ரோசொஃப்ட்டின் கிளவுடுடனும் ஒத்திசைக்கப்படும் என்று ஒரு குறிப்பு வரும். அதற்குச் சம்மதமில்லாவிட்டால் ஜிமெயிலை பிரவுசரிலேயே பாருங்கள்.

எட்ஜ் பிரவுசரையும் நீக்கலாமா என்று கேட்பார்கள். ஐரோப்பியச் சட்டம் ஒன்றின் காரணமாக 2024 முதல் அந்த நாடுகளில் உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. கொழும்பில் இருக்கும் நமக்கு இல்லை.

தொடக்கூடாதவையும் உண்டு. பெயர் விளங்காத எல்லாமே குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், வெப்வியூ2 ரன்டைம், டொட் நெட், ரியல்டெக், இன்டெல் அல்லது ஏஎம்டி என்று தொடங்குபவை, டச்பேட் சம்பந்தப்பட்டவை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தயாரிப்பாளரின் செயலிகளில் பயோஸ், டிரைவர் அப்டேட் தருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். தயாரிப்பாளர் ஏற்றுபவை வெறும் இடத்தை அடைப்பவை மட்டுமே என்று நினைப்பவர்கள், 2015 பெப்ரவரியில் வெளிவந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தை அறிந்திருப்பது நல்லது. லெனோவோவின் பல மாதிரி லெப்டொப்களில் விளம்பரம் காட்டுவதற்கென முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்த அந்த மென்பொருள், தன் சொந்தச் சான்றிதழைக் கணினிக்குள் நிறுவி, வங்கித் தளம் உட்படப் பாதுகாப்பான இணைப்புகளின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் அந்த நிறுவனம் 2017இல் இது தொடர்பாக இணக்கத்துக்கு வர நேர்ந்தது.

ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் துடைத்துவிடும் டிப்ளோட் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் நிறைய உண்டு. நல்லவையும் அவற்றில் இருக்கின்றன. ஆனால் ஒரு கட்டளையை நிர்வாகி அதிகாரத்துடன் ஒட்டி இயக்குவது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நிற்பதற்குச் சமம். ஸ்டோரும் அப்டேட்டும் உடைந்துபோன கணினிகளைப் பின்னர் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். முதல் தடவை கையால் செய்யுங்கள். எது எங்கே இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடும்.

ஒன்டிரைவ்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டுடன் கணினியை அமைத்தால், டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளும் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாமலே மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் சேர்ந்துவிடும். நீங்கள் ஸ்கேன் செய்து டெஸ்க்டொப்பில் போட்ட தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதம், வங்கிக் கூற்று எல்லாம் அடுத்த நிமிடமே மேலே போய்விடுகின்றன. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. அது கைத்தொலைபேசிப் படங்களால் சில நாட்களில் நிரம்பிவிடும். நிரம்பினால் அதே அக்கவுண்டின் அவுட்லுக் மின்னஞ்சலும் நின்றுபோகும்.

நிறுத்துவதற்கு, டாஸ்க்பாரின் வலது மூலையில் உள்ள மேகப் படத்தை அழுத்தி, பற்சக்கரத்தின் வழியாக செட்டிங்ஸ் போய், சிங்க் அன்ட் பேக்கப், மனேஜ் பேக்கப் என்பதைத் திறங்கள். ஆனால் சுவிட்சில் கை வைப்பதற்கு முன், ஃபைல் எக்ஸ்புளோரரில் ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து, ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் என்ன அடையாளம் இருக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சரி அடையாளம் என்றால் கோப்பு கணினியிலும் இருக்கிறது. நீல மேகம் என்றால், கணினியில் இருப்பது பெயர் மட்டும்தான், பொருள் மேலே இருக்கிறது. எல்லாவற்றையும் தெரிவு செய்து, வலது கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ் என்பதை அழுத்தி, முழுவதும் பச்சையாகும்வரை காத்திருங்கள். அதன் பிறகே மூன்று சுவிட்சுகளையும் அணையுங்கள். கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டால், இந்தக் கணினியில் மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். கேட்காமலே அணைந்து, டெஸ்க்டொப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அவை ஒன்டிரைவ் கோப்புறைக்குள்ளேயே இருக்கும், வெட்டி எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டிவிடலாம். அப்படி எல்லாம் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே, கணினியை ஒன்டிரைவிலிருந்து அன்லிங்க் செய்வதும், ஒன்டிரைவையே அன்இன்ஸ்டோல் செய்வதும். இதற்கிடையில் மேலே இருக்கும் பிரதியை அழித்தால் கீழே இருப்பதும் அழியும் என்பதை மறந்துவிடாதீர்கள். அது இரண்டாவது பிரதி அல்ல, அதே கோப்புதான்.

ஒன்டிரைவ் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், அதற்குப் பதிலாக வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒரு தடவையாவது பிரதி எடுக்க வேண்டும். அதைச் செய்யும் பழக்கம் உங்களிடம் இல்லையென்றால், ஒன்டிரைவை வைத்துக்கொண்டு அடையாள ஆவணங்களை மட்டும் அந்த மூன்று கோப்புறைகளுக்கு வெளியே சேமிப்பதே மேல்.

மற்றச் சுவிட்சுகள்

இவை விரைவாக முடியும். ப்ரைவசி அன்ட் செக்கியூரிட்டி பக்கத்தில், ஜெனரல் அல்லது புதிய பதிப்புகளில் ரெக்கமென்டேஷன்ஸ் அன்ட் ஓஃபர்ஸ் என்பதற்குள் இருக்கும் அனைத்தையும் அணையுங்கள். செயலிகள் உங்களை அடையாளம் கண்டு விளம்பரம் காட்டப் பயன்படும் எண் இங்கேதான் இருக்கிறது. டயக்னொஸ்டிக்ஸ் அன்ட் ஃபீட்பேக் என்பதில் ஒப்ஷனல் என்பது அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு, அதுவரை அனுப்பியதை டிலீட் பொத்தானால் அழித்துவிடுங்கள். சேர்ச் பகுதியில் கிளவுட் தேடலையும் சேர்ச் ஹைலைட்ஸ் என்பதையும் நிறுத்துங்கள். கமரா, மைக்ரோஃபோன், லொகேஷன் ஆகிய மூன்றிலும் எந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். சூமுக்குக் கமரா வேண்டும், கல்குலேட்டருக்கு இருப்பிடம் வேண்டியதில்லை.

பர்சனலைசேஷன் பக்கத்தில், ஸ்டார்ட் என்பதற்குள் பரிந்துரைகளையும், டாஸ்க்பார் என்பதற்குள் விட்ஜெட்ஸையும், லொக் ஸ்கிரீனில் ஸ்பொட்லைட்டையும், டிவைஸ் யூசேஜ் என்பதில் எல்லாவற்றையும் அணைக்கலாம். சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில், அடிஷனல் செட்டிங்ஸ் என்ற மடிப்பைத் திறந்தால் மூன்று டிக் இருக்கும். மூன்றையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் வந்து நச்சரிக்கும் திரைகள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. ஃபைல் எக்ஸ்புளோரரின் ஒப்ஷன்ஸில், வியூ பட்டியலின் அடிப்பக்கமாக, சிங்க் ப்ரொவைடர் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று ஒன்று இருக்கும், அதன் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒன்டிரைவ் இடம் வாங்கு என்ற விளம்பரம் அதன் வழியாகவே வருகிறது.

மாதாந்த டேட்டா அளவு மட்டுப்பட்ட ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டைச் செய்ய வேண்டும். விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று போய், மற்றக் கணினிகளுடன் பகிர்வதை நிறுத்துங்கள். இணையத்தில் உள்ள கணினிகளுக்கும் என்ற தெரிவு அங்கே இருந்தால், முன்பின் தெரியாதவரின் அப்டேட்டுக்கு உங்கள் டேட்டா செலவாகும். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைக்கும்போது அந்த வைஃபையின் விபரங்களில், டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லும் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதை இயக்குங்கள். அதற்கு மேலேயே, அதே வைஃபையில் உள்ள மற்றக் கணினிகள் உங்களுடையதைக் காணலாமா என்பதைத் தீர்மானிக்கும் ப்ரைவேட், பப்ளிக் என்று இரண்டு இருக்கும். தொடர்மாடியில் நான்கு வீடுகள் ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொண்டால், பப்ளிக் என்பதே சரி.

கோபைலட் ப்ளஸ் என்ற முத்திரையுள்ள விலையுயர்ந்த லெப்டொப் வாங்கியவர்கள் மட்டும் ரீகோல் பற்றிக் கவலைப்பட்டால் போதும். சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்து, பின்னர் தேடித் தரும் வசதி அது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பினால் தள்ளிப்போய், பயனர் தாமே இயக்கினால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றப்பட்டு 2025இல் வெளிவந்தது. ப்ரைவசி பக்கத்தில் ரீகோல் அன்ட் ஸ்னப்ஷொட்ஸ் என்பது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அதன் டிக்கை எடுத்தால் முழுவதுமாக நீங்கிவிடும்.

பிரவுசரும் தமிழ் தட்டச்சும்

விண்டோஸில் என்னதான் அணைத்தாலும், நாள் முழுவதும் திறந்திருப்பது பிரவுசர் என்பதால் கசிவு அதிகம் நடப்பதும் அங்கேதான். நான் ஃபயர்ஃபொக்ஸில் யுபிளொக் ஒரிஜின் என்ற இணைப்பைச் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். விளம்பரங்களையும் அவற்றின் பின்னால் இருக்கும் வேவு நிரல்களையும் அது தடுக்கிறது. குரோம் தன் இணைப்புகளின் விதியை மாற்றிக்கொண்டதால், அதே மென்பொருளின் முழு வடிவம் அங்கு இப்போது இயங்குவதில்லை. லைட் என்ற சுருங்கிய வடிவம் மட்டும் கிடைக்கும். எட்ஜையே பயன்படுத்துவதானால், ட்ராக்கிங் ப்ரிவென்ஷன் என்பதை ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள், சிஸ்டம் பகுதியில் ஸ்டார்ட்அப் பூஸ்ட்டை அணையுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வதற்கென்று ஏதாவது ஒரு மென்பொருளைத் தேடி இறக்குவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. விசைப்பலகை மென்பொருள் என்பது நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும், கடவுச்சொல் உட்பட, பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது. யார் எழுதியது என்று தெரியாத ஒன்றை அந்த இடத்தில் உட்கார வைக்கத் தேவையே இல்லை. டைம் அன்ட் லேங்குவேஜ் பக்கத்தில் தமிழைச் சேர்த்து, அதன் ஒப்ஷன்ஸில் கீபோர்ட் சேர்த்தால், தமிழ்99, அஞ்சல் இரண்டுமே விண்டோஸுடன் கூடவே வருகின்றன. அம்மா என்று எழுத ஆங்கில எழுத்துகளில் தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல் பொருந்தும். ஸ்பேஸ் விசையுடன் விண்டோஸ் விசையை அழுத்தினால் மொழி மாறும்.

வெளியிலிருந்து வருவது

கடைசி வேலை பென் டிரைவ் சம்பந்தப்பட்டது. அசைன்மென்ட் அச்செடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோகும் பென் டிரைவ், அன்று காலையிலிருந்து அங்கு வந்த அத்தனை பேரின் வைரஸையும் சுமந்துகொண்டு திரும்பக்கூடும். புளூடூத் அன்ட் டிவைசஸ் பக்கத்தில் ஒட்டோப்ளேயை அணைத்துவிட்டு, ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ, ஷோ என்பதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்குங்கள். அப்போது, கோப்புறை போலப் படம் போட்டுக்கொண்டு வரும் ஒன்றின் பெயருக்குப் பின்னால் டொட் இஎக்ஸ்இ என்று வால் நீண்டிருப்பது கண்ணில் படும். அதைத் திறக்காமல் அழித்துவிடலாம். முடியுமானால், அச்செடுப்பதற்கென்று தனியாக ஒரு சிறிய பென் டிரைவ் வைத்துக்கொண்டு, அதில் அந்த நாளின் பிடிஎஃப்பை மட்டும் போட்டுக் கொண்டுபோங்கள்.

மருமகனின் லெப்டொப்பில் இவ்வளவையும் முடிக்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதுமாக இருந்தது. அப்டேட் இறங்கும்வரை காத்திருந்ததுதான் அதில் பாதி நேரம். விண்டோஸின் பெரிய அப்டேட் வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வருடக் கடைசியை ஒட்டி வரும். அதன் பின் சில சுவிட்சுகள் தாமாகவே திரும்ப இயங்கத் தொடங்கியிருக்கலாம், நீக்கிய செயலி ஒன்றிரண்டு திரும்பி வந்திருக்கலாம். கணினியை அமைத்து முடிப்போம் என்று நீலத் திரை ஒன்று முழுத்திரையாக வந்து நின்றால், கன்டினியூ என்பதை அழுத்தாமல், அதன் கீழே சிறிதாக இருக்கும் மூன்று நாளில் நினைவூட்டு என்பதை அழுத்தி உள்ளே போய், முன்பு சொன்ன நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் மூன்று டிக்கையும் மறுபடி பாருங்கள்.